ராத்தங்கக் கூடாத பெட்ரோல்

கார்த்தி,

போன வாரம் நீ அனுப்பிய ரயில் டிக்கெட் என் போனில் வந்து சேர்ந்தது. எனக்கும் கீழ் பெர்த், அப்பாவுக்கும் கீழ் பெர்த். கூடவே, "துணிமணியை மட்டும் எடுத்து வைம்மா, மீதியை நான் பாத்துக்கிறேன்" என்று ஒரு வரி. அந்த ஒரு வரியைப் படித்ததிலிருந்து எனக்கு வருகிற எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. போனில் சொல்லலாம் என்றால் நீ பாதியிலேயே, "சரிம்மா, அப்பாகிட்ட குடு" என்பாய். அப்பா இரண்டு வார்த்தை பேசி மூச்சு வாங்கி, "அம்மா சொல்ற மாதிரி செய்யிலே" என்று போனை என்னிடமே திருப்பித் தருவார். இந்தப் பந்தாட்டத்தில் நான் சொல்ல வந்தது ஒருநாளும் உன் காதில் விழுந்ததில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. ஆபீஸில் வைத்துப் படிக்காதே. வீட்டுக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்து படி.

அந்த டிக்கெட்டுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இந்த ஆமத்தூர் வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னையில் உன் ஒன்பதாவது மாடிக்கு வந்துவிட வேண்டும். அங்கே கரண்ட் போனால் கண் மூடித் திறப்பதற்குள் ஜெனரேட்டர் ஓடும், லிஃப்ட்கூட நிற்காது, அப்பாவின் ஆக்ஸிஜன் மெஷின் அதுபாட்டுக்கு வேலை செய்யும். எல்லாம் வாஸ்தவம்தான். தீபாவளிக்கு அடுத்த வாரம் இங்கே நடந்ததைக் கேட்டு நீ பயந்துபோனாய். பயந்துபோய் டிக்கெட் எடுத்தாய். பிள்ளை பயப்படுவதைக் குறை சொல்ல நான் யார். ஆனால் அன்று நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும். மீதியைச் சொல்ல அப்பா விடவில்லை. அதை இப்போது சொல்லப் போகிறேன். படித்துவிட்டு, நாங்கள் அங்கே வர வேண்டுமா என்று நீயே சொல்.

முதலிலிருந்தே வருகிறேன். மதுரை டாக்டர் அப்பாவின் நுரையீரல் இறுகிவிட்டது என்று சொல்லி வீட்டில் மெஷின் வைக்கச் சொன்ன நாளிலிருந்து, இந்த வீட்டில் மணி பார்ப்பதைவிட கரண்ட் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அதிகம். மெஷின் கரண்டில் ஓடுகிறது. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் கொஞ்ச நேரம் தாங்கும். அதுவும் தீர்ந்தால் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிற சின்ன சிலிண்டர். சாதாரண நாளில் இது போதும். ஆனால் ஐப்பசி மழையில் எங்கேயாவது கம்பி அறுந்து விழுந்தால், இந்த வழியில் கரண்ட் வர அரை நாள்கூட ஆகும். ஆகவே ஒரு ஜெனரேட்டர் வேண்டும் என்று நாம் மூன்று பேரும் முடிவு செய்தோம். மூன்று பேரும் சேர்ந்து எடுத்த முடிவு அது ஒன்றுதான். அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் நீயும் அப்பாவும் பேசிக்கொண்டது.

எத்தனை நாள் பேசினீர்கள். கே.வி.ஏ. என்றீர்கள், சத்தம் எவ்வளவு என்றீர்கள், எந்தக் கம்பெனி, எத்தனை வருஷம் வாரண்டி என்றீர்கள். நீ முதலில் ஏ.சி., தண்ணி மோட்டார், பிரிட்ஜ் எல்லாம் ஓடுகிற மாதிரி ஒரு பெரிய மெஷின் சொன்னாய். அப்புறம் அது கனம் என்று ஒன்று சின்னதாகப் பார்த்தாய். நான் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றால், "அம்மா, வீட்ல எத்தனை ஃபேன் ஓடுது?" என்று ஸ்பீக்கரில் ஒரு கேள்வி. அந்தப் பேச்சு முழுக்க என்னிடம் நீ கேட்டது அது ஒன்றுதான். ஒரு ஃபேன் ஓடினால் போதும், ஒரு லைட் எரிந்தால் போதும், மெஷின் நிற்கக் கூடாது என்றேன். அதை நீ எழுதிக்கொண்டாயா என்று எனக்குத் தெரியாது. டீசல் என்றால் புகை, சத்தம், ஊரே எழுந்து உட்காரும், பெட்ரோல்தான் வீட்டுக்கு லாயக்கு என்று யாரோ உன்னிடம் சொன்னார்களாம், அதை நீ பிற்பாடுதான் எங்களிடம் சொன்னாய். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பெரிய அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. சிவப்பு நிறம், கைப்பிடி, அடியில் சக்கரம். நம் வீட்டு வேலைக்கு வருகிற சுடலை அதற்கும் சந்தனப் பொட்டு வைத்தான். நீ வீடியோ காலில் வந்து, "எப்படிப்பா இருக்கு?" என்றாய். அப்பா அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பெட்ரோலா?" என்று மட்டும் கேட்டார். நீ ஆமாம் என்றாய். "நல்லாருக்குலே" என்றார். அவர் அந்த மாதிரி குரலில் நல்லாருக்கு என்று சொன்னால் நல்லாயில்லை என்று அர்த்தம். முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்திய எனக்கே அன்று அது உறைக்கவில்லை. உனக்கு எப்படி உறைக்கும்.

உன் அப்பாவை நீ ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பார்த்து வளர்ந்தாய். எம். புதுப்பட்டியில் வெடிமருந்து கலக்குகிற ரூம் வாசலில் அவர் எப்படி நிற்பார் என்று நீ பார்த்ததில்லை. பட்டாசுக் கம்பெனியில் மருந்து ரூமுக்குள் கரண்ட் கிடையாது. வெளிச்சம் இருக்கிறவரைதான் வேலை. உள்ளே போகிறவர், உடம்பில் ஏறியிருக்கிற கரண்ட் இறங்க, வாசலில் இருக்கிற செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஒவ்வொரு கதவுக்கும் மேலே, இந்த ரூமில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று பெயிண்டில் எழுதியிருக்கும். அதற்கு ஒரு ஆள் கூடினால், அது முதலாளி மகனாக இருந்தாலும் அப்பா வெளியே அனுப்பிவிடுவார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் உண்டு. அன்றைக்குக் கலந்த மருந்து அன்றைக்கே முடிய வேண்டும். மிச்சம் இருந்தால் சாயங்காலம் அழித்துவிட வேண்டும். கலந்த மருந்து ராத்தங்கக் கூடாது. அவர் போர்மேனாக இருந்தபோதும், பிறகு பங்குதாரர் ஆனபோதும், உன் சித்தப்பா கையில் கம்பெனியைக் கொடுத்துவிட்டு வீட்டோடு உட்கார்ந்தபோதும் இந்தச் சட்டம் அவரை விட்டுப் போகவில்லை. சாப்பாட்டுத் தட்டில் மிச்சம் வைத்தால்கூட அவருக்கு ஆகாது.

ஆக்ஸிஜன் மெஷின் வந்த பிறகு இது இன்னும் முற்றிவிட்டது. ஊதுபத்தி போச்சு. சாமி ரூம் விளக்கு வாசலுக்குப் போச்சு. ஏன் என்று கேட்டால், "நாங்க மருந்துல வெடியுப்பைச் சேக்கிறதே இந்தக் காத்துக்காகத்தான். எரியுறதுக்கு அது வேணும். இப்ப அதை வீட்டுக்குள்ள குழாய்ல விட்டுக்கிட்டு இருக்கோம்" என்றார். அப்படிப்பட்ட மனுஷன் வீட்டுக்குத்தான் நீ ஒரு டாங்கி பெட்ரோலை அனுப்பி வைத்தாய். நீ அதை வராண்டாவில் வைக்கச் சொன்னாய். அது மட்டும் நடந்திருந்தால் ஜன்னல் வழியாகப் புகை உள்ளே வந்து எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து முடித்திருக்கும். ஜெனரேட்டரை வீட்டை ஒட்டி வைக்கக் கூடாது என்பதையாவது அந்த அட்டைப்பெட்டி மேலே படித்திருக்கலாம். அப்பா தன் பங்குக்கு, சுடலையை விட்டு அதைக் காம்பவுண்டு கடைசிக்கு, பின் சுவர் ஓரமாகத் தள்ளிக்கொண்டுபோய் ஷீட் போட்டு நிறுத்தவைத்தார். மருந்து ரூமுக்கும் மருந்து ரூமுக்கும் நடுவே விடுகிற மாதிரி இடைவெளி. மழையில் வழுக்குகிற மண்ணில் அங்கே யார் நடந்து போய் ஓட்டுவது என்று கேட்டேன். "சுடலை இருக்கான்ல" என்றார்.

சுடலை இருந்தவரை சரிதான். தீபாவளி முடிந்தால் கம்பெனி எல்லாம் மூடிவிடும், ஊரே ஓய்ந்துபோகும் என்று உனக்குத் தெரியும். அவனும் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏழாயிரம்பண்ணைக்கு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டான். அவன் போன மறுநாள் விடிந்ததிலிருந்து மழை. காலையில் கரண்ட் போனது. மத்தியானம் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. அப்பாவைச் சிலிண்டருக்கு மாற்றிவிட்டு, முள் பச்சையில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, குடையைப் பிடித்தபடி பின் சுவருக்குப் போனேன். சாவியைத் திருப்பினேன். சத்தமே இல்லை. ஓடாமல் நின்ற மெஷினில் பாட்டரி இறங்கிவிட்டது என்று பிற்பாடு தெரிந்தது. கயிறு இருக்கிறதே, அதை இழுத்தேன். என் வலது தோள் தலை சீவக்கூட மேலே வருவதில்லை, உனக்கு அதுவும் தெரியாது. சொல்லியிருக்கிறேன், நீ தைலம் தேய்க்கச் சொன்னாய். இடது கையால் இழுத்தேன். குடையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் இழுத்தேன். அது ஒருமுறை செருமிவிட்டு நின்றது. அப்புறம் செருமவும் இல்லை.

உனக்குப் போன் செய்தேன். நீ பதறினாய், அது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் பதறிக்கொண்டே என்ன செய்தாய்? கம்பெனியின் கஸ்டமர் கேர் பெண்ணையும் அதே காலில் சேர்த்தாய். அந்தப் பெண், "மேடம், சோக் லீவர் எந்தப் பக்கம் இருக்குன்னு பாத்துச் சொல்றீங்களா?" என்கிறாள். நீ நடுவில், "இதுக்கா இவ்வளவு விலை வாங்குறீங்க" என்று அவளைத் திட்டுகிறாய். அவள் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். நான் மழையில் நின்றுகொண்டு லீவரைத் தேடுகிறேன். உள்ளே உன் அப்பா ஒரு சிலிண்டரை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை அணைத்துவிட்டேன். நீ லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்திருப்பாய். கட்டாகவில்லை, நான்தான் கட் செய்தேன்.

அப்புறம்தான் எனக்குப் புத்தி வேலை செய்தது. டாங்கி மூடியைத் திறந்தேன். உள்ளே சொட்டுப் பெட்ரோல் இல்லை. வாசனை மட்டும்தான் இருந்தது. துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது.

ஈரச்சேலையோடு உள்ளே போனேன். "என்னங்க, மெஷின்ல பெட்ரோலைக் காணோம். அன்னிக்குத்தான சுடலை ஊத்துனான்?" என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பிக்கொண்டதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. "எங்கன போச்சு அது? சொல்லுங்க" என்றேன். மாஸ்க்கை விலக்கிவிட்டு, "சுடலை வண்டில" என்றார்.

கதை இதுதான். மெஷின் வந்த நாளிலிருந்து சாயங்காலம் ஆனால் உன் அப்பா, நான் வாசலில் விளக்கு வைக்கிற நேரமாகப் பார்த்து, சுடலையை விட்டு டாங்கியில் இருக்கிற பெட்ரோலை இறக்கியிருக்கிறார். காலையில் அவன் பங்க்கில் பைக்கை நிரப்பி வந்து, அதிலிருந்து எடுத்து ஊற்ற வேண்டும். சாயங்காலம் இறக்கிவிட வேண்டும். இறக்கிய பெட்ரோல் சுடலையின் பைக்குக்கு. அவன் பாடு கொண்டாட்டம், சொந்தக் காசில் பெட்ரோல் போட்டே எத்தனையோ நாளாகியிருக்கும். அவன் ஊருக்குப் போகிற அன்றைக்கும் தவறாமல் இறக்கிவிட்டுத்தான் போயிருக்கிறான். பிற்பாடு அவனைப் போனில் பிடித்து நாலு வாங்கு வாங்கினேன். "அய்யாதான் அம்மாகிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாக. நான் என்னம்மா செய்ய? பெட்ரோல் ராத்தங்கக் கூடாதுன்னாக" என்கிறான். உலகத்தில் எந்த ஊரிலாவது ஒரு மனுஷன் ஜெனரேட்டரை வாங்கி வைத்துக்கொண்டு அதில் எரிபொருள் ராத்தங்கக் கூடாது என்று சட்டம் போடுவானா? இந்தப் பக்கத்தில்தான் போடுவான். நம் வீட்டில்தான் போட்டார்.

அன்று அதைப் பேச நேரமில்லை. சிலிண்டர் முள் மஞ்சளுக்கு வந்திருந்தது. பக்கத்து வீட்டு அக்காவை அப்பா பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, கேனை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். சிவகாசியிலிருந்து காலண்டர் ஏற்றிக்கொண்டு விருதுநகருக்குப் போகிற லோடு ஆட்டோ ஒன்று வந்தது. கையைக் காட்டி ஏறிக்கொண்டேன். பங்க்கில் இருந்த பையன், கேனில் ஊற்றக் கூடாது என்றான். ஊற்றித்தான் ஆக வேண்டும் என்றேன். மேனேஜரைக் கேட்க வேண்டும் என்றான். உள்ளே போய் மேனேஜரைக் கூட்டி வந்தேன். அந்த மனுஷர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் பைக்கை நிறுத்தி அதில் ஊற்றச் சொல்லி, என்னையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். வாசலில் இறங்குகிறேன், வீட்டில் லைட் எரிகிறது. கரண்ட் வந்துவிட்டிருக்கிறது. அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் நனைந்து, சேறு அப்பி, மூச்சிரைத்து நிற்கிறேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்த வண்டியை வாசலுக்கு வெளியதான நிப்பாட்டியிருக்காரு?" என்பதுதான்.

அந்த மேனேஜர் போகும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. போன பிறகு திறந்தேன். அன்று நான் பேசியதை எல்லாம் எழுதினால் உன் மனைவி முன்னால் எனக்கு மரியாதை இருக்காது. "உசுரு போயிருந்தா என்ன செய்வீக? கரண்ட் இன்னும் கொஞ்சம் தாமசமா வந்திருந்தா?" என்று கேட்டேன். அவர் என்னைக் கத்தவிட்டுவிட்டு, மூச்சைச் சேர்த்துக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்: "மூச்சு நின்னா ஒரு ஆளு. அது பத்துச்சுன்னா ரெண்டு ஆளு. நீயும்தான இங்கன படுத்திருக்க."

எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் புரிந்தது. கதவுக்கு மேலே ஆள் கணக்கு எழுதுகிறார்களே, எதற்கு? விபத்து வந்தால் அந்த ரூமோடு போகட்டும், அதிலும் இத்தனை பேரோடு போகட்டும் என்றுதானே. அந்தக் கணக்கை அவர் எங்கள் படுக்கை அறைக்குப் போட்டிருக்கிறார். ஒருவர் போகலாம், இரண்டு பேர் போகக் கூடாது. அந்த ஒருவர் அவர்தான் என்று அவரே முடிவு செய்துவிட்டார். ராத்திரியில் கரண்ட் போய், இன்வெர்ட்டரும் சிலிண்டரும் தீர்ந்தால் அவர் பாட்டுக்குப் போய்விடுவதாக ஏற்பாடு. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கார்த்தி, எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் எனக்குக் கோபம்தான் முந்தும். "உங்களை யாரு என்னைக் கணக்குல சேக்கச் சொன்னா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு சாப்பாடு வைத்தேன், மாத்திரை கொடுத்தேன், பேசவில்லை. நீ போன் செய்தபோதெல்லாம் ஏன் என் குரல் அப்படி இருந்தது என்று கேட்டாயே, இதனால்தான்.

"இதை அவன்கிட்ட சொல்லாத" என்று அப்பா கேட்டுக்கொண்டார். அதனால் உனக்கு மெஷின் கோளாறு என்ற அளவில்தான் தெரியும். நீ உடனே, "இந்த ஊர் கரண்டை நம்பி இனிமே உங்களை விடமாட்டேன்" என்று சொன்னாய். அப்புறம் டிக்கெட். நான் அந்த டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சித்தப்பா கம்பெனியிலிருந்து அப்பாவுக்குப் போன் வந்தது. வேலை ஆரம்பிக்கப் போகிறார்கள், வானம் மூட்டமாக இருக்கிறது, ஈரக் காற்று மருந்துக்கு ஆகாது. "அண்ணாச்சி, மருந்து கலக்கலாமா, வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். இவர் மெதுவாக எழுந்து ஜன்னலுக்குப் போய், வானத்தைப் பார்த்து, கொடியில் கிடந்த துணியைத் தொட்டுப் பார்த்து, "இன்னிக்கு வேணாம், சும்மா இரு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அங்கே ஒரு கம்பெனி நின்றது. உன் ஒன்பதாவது மாடியில் அவருக்கு மூச்சு இருக்கும். அவரிடம் கேட்பதற்கு யார் இருப்பார்கள்? எனக்கும் அங்கே ஒரு குறையும் இருக்காது. காபி போட எழுந்தால் மருமகள், "நீங்க உக்காருங்கத்தே" என்பாள். பாசத்தில்தான் சொல்வாள். ஆனால் என்னை உட்கார வைத்தால் நான் சீக்கிரம் படுத்துவிடுவேன்.

ஆக நான் கடைக்குப் போனேன். டிக்கெட் வந்த மறுநாளே, வாடகைக் கார் பிடித்து, சிலிண்டரைப் பின் சீட்டில் வைத்து, அப்பாவையும் கூட்டிக்கொண்டு விருதுநகருக்குப் போனேன். பேசாமல் இருந்தவள் திடீரென்று, "கிளம்புங்க, ஜெனரேட்டர் பாக்கணும்" என்றதும் அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். வழியில்தான் கேட்டேன், உங்களுக்கு எதுதான் வேண்டும் என்று. உடனே சொல்கிறார், "டீசல்." ஏன் என்றேன். "டீசல் சோம்பேறி. அம்புட்டு சீக்கிரம் பத்தாது. பெட்ரோல் அப்பிடியில்ல. அதோட ஆவி தரையில ஊந்து போயி நெருப்பைத் தேடிக்கிட்டு வரும்" என்றார். டீசல் ராத்தங்கலாமா என்றேன். டாங்கியில் மட்டும் என்றால் தங்கலாம், தனியாகக் கேனில் கூடாது என்றார். இதை ஏன் அவன் பெட்ரோல் மெஷின் வாங்குவதற்கு முன்னால் சொல்லவில்லை என்று கேட்டேன். "கேட்டான்னா சொல்லியிருப்பேன். பொட்டியா வந்து இறங்குச்சு. புள்ள ஆசையா அனுப்பிருக்கான், எப்பிடி வேணாங்கிறது?" என்றார். எனக்குக் காரை நிறுத்தி இறங்கிவிடலாமா என்றிருந்தது. நீ ஆசையாக அனுப்பினாய், அவர் ஆசைக்காக ஏற்றுக்கொண்டார். உங்கள் இரண்டு பேர் ஆசைக்கு நடுவில் நான் மழையில் கயிறு இழுத்தேன்.

கடையில் இருந்தவர் காரில் உட்கார்ந்திருந்த அப்பாவிடமே போய்ப் போய்ப் பேசினார். "ஓட்டப் போறது நாந்தான், எங்கிட்ட சொல்லுங்க" என்றேன். வரிசையாக இருந்ததில் ஒவ்வொன்றையும் நானே ஆன் செய்து பார்த்தேன். கயிறு இருக்கிறதை எல்லாம் ஒதுக்கினேன். கனமான சாவியை ஒதுக்கினேன். என் கைக்கு வந்தது பச்சை பட்டன் வைத்த ஒரு டீசல் மெஷின். வீட்டில் என்னென்ன ஓட வேண்டும் என்று அவர் கேட்டதற்கு, ஆக்ஸிஜன் மெஷின், ஒரு ஃபேன், ஒரு லைட் என்றேன். பிரிட்ஜ் வேண்டாமா என்றார். பாலை நான் காய்ச்சி வைத்துக்கொள்வேன் என்றேன். வைக்கிற இடத்தை அப்பா சொன்னார், ஆனால் நடந்து பார்த்தது நான். பின் சுவருக்கும் வீட்டுக்கும் நடுவில், புகை ஜன்னல் பக்கம் வராத மூலையில், நான் குடை இல்லாமல் போகிற தூரத்தில், மேலே ஷீட் போட்டு வைத்தாயிற்று. ஜெனரேட்டருக்கு மாற்றுகிற சுவிட்சை வீட்டுக்குள் என் தோள் உயரத்துக்குக் கீழே போடச் சொன்னேன். எலக்ட்ரீஷியன், "வழக்கமா மேலதாம்மா போடுவோம்" என்றார். வழக்கத்தை அவர் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். மாதம் ஒருதரம் சும்மாவாவது ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதை நான் வாரம் ஒருதரம் செய்யப்போகிறேன்.

நீ அனுப்பிய சிவப்பு மெஷினை மைக்செட் போடுகிற முருகனிடம் கொடுத்துவிட்டேன். கோயில் கொடைத் திருவிழாவுக்கு மைதானத்தில் ஓடும், யார் வீட்டுக்குப் பக்கத்திலும் இருக்காது. உனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். இருக்கட்டும். அதில் உன் பாசம் இருந்தது, எனக்குத் தெரியும். ஆனால் பாசத்தோடு வாங்குகிறவர்களுக்கும் கொஞ்சம் கேட்கத் தெரிய வேண்டும். நீ நாளைக்கு உன் மனைவிக்கோ, உன் பிள்ளைக்கோ எதையாவது வாங்கினால், அதைத் தினமும் தொடப்போவது யார் கை என்று முதலில் பார். அந்தக் கைக்காரரிடம் ஒரு வார்த்தை கேள். இதைச் சொல்வதற்கு இவ்வளவு பக்கம் ஆகிவிட்டது. அப்பா என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று அவர் மூச்சைக் கணக்கில் எழுதிவிட்டார். நீ அப்பாவைக் காப்பாற்ற வேண்டும் என்று எங்கள் வீட்டையே பூட்டப் பார்த்தாய். இரண்டு பேரும் நல்லவர்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. என்னிடம் கேட்கத்தான் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

டிக்கெட்டை ரத்து செய்துவிடு. எங்களைப் பார்க்க வேண்டும் என்றால் நீங்கள் வாருங்கள். பொங்கலுக்கு வரும்போது ஒருநாள் மெயினை அணைத்துவிட்டு உன்னையும் ஜெனரேட்டரை ஓட்டச் சொல்கிறேன். அந்த மூலைவரை நீ ஒருதரம் நடந்து பார்க்க வேண்டும்.

இன்று காலையில் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் இருந்தது, ஆனாலும் பார்த்துவிடலாம் என்று நான் மூலைக்குப் போய்ப் பட்டனை அழுத்தினேன். இரண்டாம் தரம் அழுத்தவே இல்லை, ஓடிவிட்டது. சத்தம் இருக்கத்தான் செய்கிறது, நீ சொன்னது சரி. உள்ளே வந்து சுவிட்சை மாற்றினேன். அப்பா, "டீசல் ராத்திரி அங்கனதான் இருந்துச்சா?" என்றார். "ஆமா, இருந்துச்சு" என்றேன். ஜெனரேட்டர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். அப்புறம், "அது ஓடி முடியிற வரைக்கும் நீ வாசல்ல போயி உக்காரு" என்றார். "நான் போகல" என்றேன். இன்னொருமுறை சொல்வார் என்று நினைத்தேன். காலை மடக்கி, கட்டிலில் எனக்கு இடம் விட்டார். உட்கார்ந்தேன். கரண்ட் வந்த பிறகும் கொஞ்ச நேரம் நாங்கள் அதை நிறுத்தவில்லை.

அம்மா